போர்கில்ட் அக்காவின் காஸ் தொட்டி

காஸ் தொட்டியை எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. நூறு கொள்ளும் தொட்டியில் நூறு ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். வெயில் பட்டால் உள்ளே இருப்பது விரியும்; அதற்கு இடம் வேண்டும். எதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், டெப்யூட்டி அவர்களே, நீங்கள் கொடுத்த மஞ்சள் வாக்குமூலத் தாளின் தலையில் "நடந்ததை ஆரம்பத்திலிருந்து, உங்கள் சொந்த வார்த்தைகளில்" என்று அச்சடித்திருக்கிறது. ஆரம்பம் தொட்டிதான். நீங்கள் என் சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். காபி இருக்கிறது, ஆப்பிள் கேக் இருக்கிறது. மெதுவாகச் சாப்பிடுங்கள். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

என் வீட்டுக்கும் போர்கில்ட் அக்காவின் வீட்டுக்கும் இடையே நூற்று எண்பது அடி. ஒரே வளாகம், இரண்டு வீடு, இரண்டு தொட்டி. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடுவது அந்தக் காஸில்தான். அவர் என் கணவர் ஹால்வரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் இருந்தார். யாருக்கு யார் கடிதம் போடுகிறார்கள், யாருக்கு யாருமே போடுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஹால்வர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோதும் சரி, போன பின்பும் சரி, இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு தொட்டிகளையும் குளிருக்குத் தயார்செய்தவள் நான்.

அக்டோபர் இரண்டாம் வாரம் தொடங்குவேன். தொட்டியைச் சுற்றியுள்ள புல்லை ஒட்ட வெட்டுவேன். கால்கள் எந்தப் பக்கமாவது மண்ணில் இறங்கியிருக்கின்றனவா என்று மட்டப்பலகை வைத்துப் பார்ப்பேன். தரை உறைந்து இளகும்போது தொட்டி சாய்ந்தால் குழாய் இழுபடும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று கன்னம் தரையில் படக் குனிந்து பார்ப்பேன். ரெகுலேட்டரின் மூச்சுத் துளையில் குளவி கட்டிய மண்ணை ஊசியால் எடுப்பேன். அதில் பனி உறைந்தால் வீட்டுக்கு வரும் காஸ் தாறுமாறாகும். கடைசியில் ஆளுயரக் கம்பு ஒன்றில் ஆரஞ்சுக் கொடி கட்டித் தொட்டியருகே நடுவேன். ஜனவரியில் தொட்டி இருக்குமிடம் அந்தக் கொடியை வைத்துத்தான் தெரியும். பனி விழுந்த பிறகு மண்வெட்டியைக் கொண்டு போகவே மாட்டேன், விளக்குமாறுதான். இரும்பு பட்டால் ஏதாவது உடையும். மென்மையாகத் தள்ளினால் போதும், பனி தானாக விழுந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் அக்கா ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படிக்கு வருவார்.

"முடிஞ்சுதா லொரெட்டா? ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே."

"ஆச்சுக்கா."

"எதுக்கும் டெல்மரை வந்து ஒரு பார்வை பாக்கச் சொல்றேன்."

"நான்தான் பாத்துட்டேனேக்கா."

"உன்னைக் குறை சொல்லலம்மா. விஷயம் தெரிஞ்சவங்க பாத்தா மனசுக்கு ஒரு தெம்பு, அவ்வளவுதான்."

டெல்மர் காஸ் லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு வருடமும் வருவார், தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், "எல்லாம் கச்சிதமா இருக்கு" என்பார், ஒரு டப்பா வெண்ணெய் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவார். இருபத்திரண்டு டப்பா. நான் எண்ணவில்லை, வருடத்தை எண்ணினால் டப்பாவையும் எண்ணியதுபோல்தானே.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. தெற்கே இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்தவள். எங்கள் பக்கத்தில் கேக் வேண்டுமா என்று கேட்டால், வேண்டுகிறவர்கள் வேண்டும் என்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். தேவாலயச் சபைப் பெண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "காபி குடிக்கிறியாம்மா?" என்று அக்கா கேட்டார். "சரிங்க" என்றேன். கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

முப்பத்து நான்கு வருடம் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாண விருந்தில், சாவு வீட்டில், சபை விருந்தில் மீன் பரிமாறும்போது. "'சரிங்க'ன்னா பாரு! நான் கேட்டு வாயை மூடல, கப்புக்குக் கையை நீட்டிட்டா. பாவம், அவங்க ஊர்ல பட்டினி போட்டு வெச்சிருந்தாங்களோ என்னவோ!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நன்றாகவே வரத் தொடங்கிவிட்டது.

அன்று எல்லோரும் போன பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபமில்லாமல்தான் எடுத்தார்.

"மொத தடவை கேட்டா சும்மா கேக்கறாங்கன்னு அர்த்தம். வேண்டாம்னு சொல்லு. ரெண்டாந் தடவை மரியாதைக்குக் கேப்பாங்க. பரவால்லன்னு சொல்லு. மூணாந் தடவை கேட்டாத்தான் நெஜமாவே கேக்கறாங்க. அப்ப, உங்களுக்குத் தொல்லை இல்லன்னா அரைக் கப் குடுங்கன்னு சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"மூணாந் தடவை யாரும் கேக்கலைன்னா, அவங்களுக்கு நாம வேண்டாம்னு புரிஞ்சிக்கணும். எழுந்து வந்துடணும். கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எனக்குப் பாடங்கள் சீக்கிரம் மனதில் பதியும்.

ஆறு வருடம் முன்பு அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் அவர் தொட்டியின் அளவைப் பார்த்துச் சொல்வதும் என் வேலையானது. பனியில் நடந்து போய், மூடியைத் தூக்கி, முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, உள்ளே போய்ச் சொல்வேன். அவர் ஃபிரிட்ஜ் அருகே தொங்கும் காலண்டரில் அந்த ஞாயிறுக் கட்டத்துக்குள் எழுதிக்கொள்வார். இருபத்தைந்துக்கு வந்ததும் போன் செய்து லாரியை வரவழைப்பார். மற்ற வீடுகளுக்கெல்லாம் கம்பெனியே கணக்குப் போட்டு வந்து நிரப்பிவிட்டுப் போகிறது. அக்கா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "என் வீட்ல காஸ் எப்பத் தீரும்னு எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து சொல்றதா?"

போன வருடம் டெல்மர் தெரியாமல் கூப்பிடுவதற்கு முன்பே நிரப்பிவிட்டார். அக்கா அவரைப் படியில் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை நான் என் சமையலறையிலிருந்தே கேட்டேன். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

இந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில், நன்றிசொல்லும் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு முள் நாற்பதில் நின்றது. நாற்பது என்று சொன்னேன், நாற்பது என்று எழுதினார். அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனையில் சபை மடலைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி அறிவிப்புகள். அதில் நான்காவது இது: "இந்த ஆண்டும் என் காஸ் தொட்டியைக் குளிருக்குத் தயார்செய்து தந்த டெல்மருக்கு நன்றி. கர்த்தர் அவர் கைகளை ஆசீர்வதிப்பாராக. போர்கில்ட்."

என் கைகள் கையுறைக்குள் இருந்தன. வலது கட்டைவிரலில் ரெகுலேட்டர் ஊசி குத்திய காயம் இன்னும் ஆறவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணி மடலைப் பார்த்துவிட்டு, "நீயும் கூடமாட ஒத்தாசை பண்ணுவேல்ல லொரெட்டா?" என்றார். "ஆமாங்க, விளக்குமாறு எடுத்துக் குடுப்பேன்" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினார்.

அன்று மத்தியானம் தொட்டிவரை நடந்தேன். முழங்கால் அளவு பனி. மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடும். நான் தட்டவில்லை. பிறகு உள்ளே போய், "நாற்பது" என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே போனபோது எனக்கு என்ன தோன்றியது என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கோபம் இல்லை. வெறுப்பு என்று சொல்லத்தக்க எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இறுகிப்போன மோதிரம் ஒன்று சோப்பு நீரில் நழுவி வந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சூப் வைத்தேன். அன்று உப்பு சரியாக அமைந்தது.

அடுத்த ஞாயிறு மூடியைத் திறந்து பார்த்தேன். முப்பத்தொன்று. போன வாரம் நாற்பது என்றவள் திடீரென்று முப்பத்தொன்று என்றால் அவர் பயந்துபோவார். முப்பத்தெட்டு என்றேன். நான் பெரிய பொய் சொல்கிறவள் இல்லை. வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்றுதான் குறைத்தேன்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"முப்பத்தெட்டா! ஒரு வாரத்துல ரெண்டுதான் எறங்கியிருக்கா?"

"ஆமாக்கா."

"எல்லாம் நான் ஹீட்டரைக் கொறச்சு வெச்சதாலதான். சிக்கனம்ங்கறது ரத்தத்துல இருக்கணும். நீயும் வீட்ல ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கோயேன் லொரெட்டா, என்ன கொறஞ்சு போயிடும்?"

மறுவாரம் இன்னும் குறைத்து வைத்தார். உள்ளே கோட்டோடு நடமாடினார். சபையில் எல்லோரிடமும் அந்த எண்ணைச் சொன்னார். கிறிஸ்துமஸ் காபியின்போது போதகரிடமே சொன்னார். ஆறு வருடத்தில் நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. உண்மையான முள் பத்தொன்பதில் இருந்தது, அவர் காலண்டரில் முப்பத்தைந்து இருந்தது. தபால் நிலையத்தில் ஒரு தபால்தலை குறைந்தால் ராத்திரி தூங்காதவர். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண்கள் அவரைப் புகழ்ந்தன. தன்னைப் புகழ்கிறவர்களை அவர் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் அவருக்கு நான் கொடுத்த பரிசு என்றுகூடச் சொல்லலாம்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி முள் ஐந்தில் நின்றது. முப்பத்தொன்று என்றேன்.

அந்த வாரம் புயல் வருவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புதன்கிழமை டெல்மர் என் தொட்டியை நிரப்ப வந்தார். அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அது அத்தனையும் உண்மை. குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"லாரி இங்கதான் நிக்குது. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் ஊத்திட்டுப் போயிடட்டுமா? அப்புறம் ரோடு அடைச்சா நாலு நாளைக்கு நான் வர முடியாது."

"அவங்க கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"போன வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா உங்களுக்கு?"

சிரித்தார். "யம்மா, அதை ஞாபகப்படுத்தாதீங்க. இருந்தாலும் ஒரு தடவை முள்ளைப் பாத்துட்டு..."

"முப்பது இருக்கு. ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். டெப்யூட்டி அவர்களே, இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கியது. குளிரினாலும் இருக்கலாம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் புயல் அடித்தது. சனிக்கிழமை காலை ஓய்ந்தது. காற்றே இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு டிகிரி. அந்தக் குளிரில் தொட்டிக்குள் இருப்பது ஆவியாவதற்கே சோம்பல்படும். குறைவாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எங்கள் கூரைகளில் ஹீட்டரின் புகைக்குழாய்கள் உண்டு. காற்றில்லாத நாளில் அவற்றிலிருந்து வெள்ளை ஆவி நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போகும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே கால் மணிக்கு அது மெலிந்தது. பத்தரைக்கு நின்றது. நான் கழுவிக்கொண்டிருந்த வாணலியைத் துடைத்து மாட்டினேன்.

பிறகு விருந்தினர் அறைக்குப் போய்க் கட்டிலுக்குச் சலவை செய்த விரிப்பு போட்டேன். தலையணை உறையை மாற்றினேன். கம்பளி இரண்டு வைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், இன்னும் அப்படியே இருக்கிறது. யாரும் படுக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தார். தானாகக் கூப்பிட்டு உதவி கேட்பது என்பது அவருக்குக் கடைத்தெருவில் உள்பாவாடையோடு நிற்பது மாதிரி. அதனால் முதலில் புயலைப் பற்றிப் பேசினார். பறவைகளுக்குத் தீனி வைத்தேனா என்று கேட்டார். அப்புறம்:

"இங்க கொஞ்சம் சில்லுனு இருக்கற மாதிரி இருக்கு."

"அப்படியாக்கா?"

"ஹீட்டர் சத்தமே கேக்கல. காஸ் முப்பது இருக்குல்ல?"

"ஞாயித்துக்கிழமை முப்பத்தொண்ணு இருந்துது."

"அப்ப ஹீட்டர்லதான் கோளாறு. திங்கக்கிழமை யாரையாவது வரச் சொல்லணும்."

"இங்க வந்து தங்கிக்கறீங்களாக்கா?"

"ஐயோ, வேண்டாம்மா. உனக்கு எதுக்குத் தொல்லை."

"தொல்லை ஒண்ணும் இல்ல. நானே வந்து கையைப் புடிச்சிக் கூட்டிட்டு வரேன்."

"பரவால்ல பரவால்ல. கம்பளி இருக்கு, ஸ்வெட்டர் இருக்கு. சமாளிச்சுக்குவேன்."

அதன் பிறகு அவர் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. அவர் வீட்டுக் கடிகாரம் கேட்டது. முப்பத்து நான்கு வருடம் முன்பு எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த மூன்றாவது கேள்விக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வார் என்பதுகூட எனக்குத் தெரியும்: "உனக்குத் தொல்லை இல்லன்னா ஒரே ஒரு ராத்திரி."

நான் காத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒருவேளை அவர் ஒரே ஒரு முறை "சரிங்க" என்று சொல்வாரா என்று பார்த்தேனோ என்னவோ. நான் முதல் வாரம் சொன்னேனே, அதுபோல. சொல்லியிருந்தால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். ஒரு வார்த்தைதான்.

சொல்லவில்லை.

"சரிக்கா, அப்ப வெச்சிடறேன். நாளைக்கு ஞாயிறு, முள்ளைப் பாக்க வருவேன்ல" என்றேன்.

"ஆமாமா, வருவே இல்ல" என்றார். ரொம்ப மெல்லிய குரலில், மரியாதையாக.

மறுநாள் ஆராதனை ரத்து. ஆனால் ஞாயிறு ஞாயிறுதான். விளக்குமாறை எடுத்துக்கொண்டு போனேன். கொடி நான் நட்ட இடத்தில் நின்றது. மூடியிலிருந்த பனியை மென்மையாகத் தள்ளினேன், இரண்டு தட்டுத் தட்டினேன், திறந்தது. முள் பூஜ்யம். உள்ளே போனேன்.

கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீங்களும் பார்த்தீர்கள். கோட்டுப் பொத்தான் கழுத்துவரை. சபைக்குப் போடும் தொப்பி. பனிக் காலணிகளில் கயிறு கட்டியிருந்தது. அந்த இடுப்போடு அதற்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும். காலடியில் சின்னப் பெட்டி. மடியில் ஒரு டப்பா, வெண்ணெய் பிஸ்கட். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பார். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது அடிப்பதற்காக ராத்திரி முழுவதும் தயாராக இருந்திருக்கிறார்.

இருபத்து மூன்றாவது டப்பா. எனக்கு முதலாவது.

காலண்டரில் அந்த ஞாயிறுக் கட்டம் காலியாக இருந்தது. எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை என்று சொன்னேனே. பென்சிலை எடுத்து நானே எழுதினேன்: 0. ஏழு வாரத்தில் முதல் சரியான எண். முந்தைய வாரம் முப்பத்தொன்று, இந்த வாரம் பூஜ்யம், கையெழுத்தும் வேறு. அதைப் பார்த்துத்தான் நீங்கள் இங்கே வந்தீர்கள் என்று புரிகிறது. கெட்டிக்காரர்தான்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். தெரிந்துதான். முள் ஐந்தில் நின்றது தெரியும், லாரியைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது தெரியும், புகை நின்றது எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். மூன்றாவது முறை கேட்டால் வந்துவிடுவார் என்பது தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதைக் கொலை என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் சரி.

ஆனால் எனக்கு மரியாதை தெரியாது என்று மட்டும் எழுத வேண்டாம். அதை முப்பத்து நான்கு வருடம் ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. காலையில் நீங்கள் வந்தபோது காபி கொடுக்கட்டுமா என்றேன். டூட்டியில் இருக்கிறேன், வேண்டாம் என்றீர்கள். அரைக் கப் என்றேன். பரவாயில்லை என்றீர்கள். நான் விட்டேனா? மூன்றாம் முறையும் கேட்டேன், நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தீர்கள். வாசலுக்கு வந்தவரை மூன்று முறை கேட்காமல் நான் யாரையும் அனுப்பியதே இல்லை. அதற்கு நீங்களே சாட்சி.